பொன்னாடைக்கு முன் ஒரு கோரிக்கை

ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங்கில், பழைய சாலையோரத்தில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பஸ்கள் எல்லாம் ஊருக்குள் நின்று, பயணிகள் சாப்பிட்டுவிட்டுப் போன காலத்தில் கட்டியது. கீழே உணவுக்கடைகள், மேலே தங்கும் அறைகள். பஸ்கள் நிற்பது குறைந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கட்டடம் மாநில அரசின் சொத்து என்பதால் யாரும் இடிக்கவில்லை. யாரும் திறக்கவும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்துதான் போவேன். மற்றவர்களுக்கு அது பூட்டிக் கிடந்த ஓய்விடம். எனக்கு அது பல்கலைக்கழகம்.

நான் கற்பனை செய்யவில்லை. ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிலத்தில் மாநிலத்தின் புதிய பல்கலைக்கழகம் வரப்போகிறது என்று அறிவிப்புப் பலகை நட்டு, அதன்மேல் கொடி படர்ந்தே விட்டது. அங்கே கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை முதலாண்டு வகுப்புகளைப் பழைய ஓய்விடத்தில் நடத்தலாம் என்பது திட்டம். கூட்டரசு அனுமதி வந்துவிட்டது. பாடத்திட்டம் தயார். மாநில அரசின் பணம் மட்டும் வரவில்லை. வரப்போகும் வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுக்கீடு இல்லையென்றால், செம்பனை நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்கும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மாவட்ட அலுவலகத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

என் தங்கை அப்போதுதான் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வை முடித்திருந்தாள். நல்ல தேர்ச்சி. ஆனால் அவளுக்குக் கிடைத்த பல்கலைக்கழக இடம் சபாவில். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒருத்திய வடக்க அனுப்பிட்டு நான் பட்டது போதும். கடல் தாண்டியெல்லாம் அனுப்ப மாட்டேன்."

வடக்கே படிக்கப் போனவள் நான். அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். இரண்டு பேரும் ஆரம்பப் பள்ளியையே முழுதாக முடிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டமளிப்புப் படத்தை அம்மா சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியபோது நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் இரண்டாவது படத்துக்கு இடம் இருந்தது. அது காலியாகவே இருந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

சபா இல்லையென்றால் சிங்கப்பூர். ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் ஓர் ஏஜெண்ட், சிங்கப்பூர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் நேர்காணலை முடித்துவிட்டு வந்தார். வேலை பெர்மிட் வரவேண்டியது மட்டும்தான் பாக்கி. தங்கை வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளுடைய எஸ்டிபிஎம் புத்தகங்களைக் கேட்டு வந்தபோது மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் லா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக்காக ஊரில் ஒரு நடவடிக்கைக் குழு அமைத்தோம். கோயில் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். நகராண்மையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை கசங்காமல் நடப்பவர். மலாயில் நன்றாக எழுதுவேன் என்பதால் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். சாமான் கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவரும் குழுவில் இருந்தார். கூட்டங்களுக்கு நாற்காலி அவருடையது.

எங்கள் வைபி, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், முன்பு ஆசிரியையாக இருந்தவர். அவர் முயற்சி செய்து, உயர்கல்வியைக் கவனிக்கும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினரை, மாநில அமைச்சர் மாதிரி இருப்பவரை, எங்கள் கோயில் மண்டபத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நிற்பார். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். நான் கோரிக்கையை மலாயில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்குள் அடக்கி வைத்திருந்தேன்.

நிகழ்ச்சியை வரிசைப்படுத்தியவர் தலைவர். முதலில் குத்துவிளக்கு. பிறகு கடவுள் வாழ்த்து. பிறகு வரவேற்புரை. பிறகு மாலை, பொன்னாடை. கடைசியில் என் கோரிக்கை.

"கோரிக்கைய முன்னால வைக்கலாமே, தலைவரே?" என்றேன்.

"வந்த ஆள உக்கார வச்சி உடனே குடுங்கன்னா கேப்பாங்களா? முதல்ல மரியாதை. அப்பறம்தான் மத்ததெல்லாம்."

அன்று அறிவிப்பாளரும் நான்தான். ஆட்சிக்குழு உறுப்பினருக்குப் பொன்னாடை போட்டார் தலைவர். அவருக்குப் போட்டால் வைபிக்கும் போட வேண்டும். வைபிக்குப் போட்டால் மாவட்ட அதிகாரியை விட முடியாது. அதன் பிறகு நகராண்மை உறுப்பினர்கள், வந்தவரின் செயலாளர், அவரோடு வந்த யாரோ ஒருவர். ஒவ்வொரு பொன்னாடையையும் வேறு வேறு சங்கத் தலைவர் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் படம். கண் மூடியிருந்தால் இன்னொரு படம். மகளிர் பிரிவுத் தலைவியை மேடைக்கு அழைக்க மறந்துபோனதால் அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். அவரைச் சமாதானம் செய்து கூட்டிவந்து, அவர் கையால் ஒரு மாலை. நானும் ஒவ்வொரு பெயரையும் பதவியோடு, மலாயிலும் தமிழிலும், மணி அடித்ததுபோல் அறிவித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் நிறுத்த எனக்கும் தெரியவில்லை.

ஆட்சிக்குழு உறுப்பினரின் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். "இந்த வரவேற்பை மறக்கவே மாட்டேன். இங்கே எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். அதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சி" என்று மலாயில் சொன்னார். கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். என் உரை என் கையிலேயே இருந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தவுக்கே என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: "அமோய், நீங்க எப்பக் கேக்கப் போறீங்க?"

வீட்டில் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அக்கா, முதல் வருஷம் எனக்கு என்ன பாடம்? பொன்னாடை ஒன்னா, பொன்னாடை ரெண்டா?"

"வாய மூடு."

"இல்ல, தெரிஞ்சிக்கிட்டா புக்கு வாங்கி வைப்பேன்ல."

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வைபியின் சேவை மையத்துக்குப் போனேன்.

வைபி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "சட்டமன்றத்துல கேள்வி போட்டிருக்கேன்மா. ஆனா வாய்மொழிக் கேள்விக்கு ஒதுக்குற நேரம் கொஞ்சம்தான். குலுக்கல்ல நம்ம கேள்வி ரொம்பக் கீழ விழுந்திருச்சி. அது வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும். எழுத்துல பதில் அனுப்புவாங்க."

"எழுத்துல என்ன சொல்வாங்க?"

"பரிசீலனையில இருக்குன்னு சொல்வாங்க. வேற என்ன?"

"வேற வழியே இல்லையா, வைபி?"

அவர் ஒரு வழியைச் சொன்னார். சட்டமன்றத்தில் ஒருவர் கேள்வி கேட்டு அமைச்சர் நிலையில் இருப்பவர் பதில் சொன்னதும், அதே பொருளில் துணைக் கேள்வி கேட்கலாம். வழக்கமாகக் கேள்வி போட்டவர்தான் கேட்பார். அவர் விட்டுக்கொடுத்தால் வேறொருவருக்குச் சபாநாயகர் வாய்ப்புத் தருவார். வரிசையின் மேல் பகுதியில், பயன்படாமல் கிடக்கும் மாநிலக் கட்டடங்களைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. ஜொகூர் பாரு உறுப்பினர் ஒருவர், அங்கே மூடிக் கிடக்கும் சந்தை ஒன்றை நினைத்துக் கேட்டது. எங்கள் ஓய்விடமும் பயன்படாமல் கிடக்கும் மாநிலக் கட்டடம்தானே?

"ஆனா அவரு எதிர்த்தரப்பு" என்றார் வைபி. "நான் போய்க் கேட்டா அரசியல் ஆயிரும். நீ போ. ஊர்க்காரியா போ. என்ன கேக்கணுமோ நேராக் கேளு."

தலைவரும் வருகிறேன் என்றார். ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறும்போது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே சரிகை மின்னியது.

"தலைவரே, இன்னொரு பொன்னாடையா?"

"வெறுங்கையோட எப்படிமா ஒருத்தர் ஆபீசுக்குப் போறது?"

"போன தடவ கை நிறைய வச்சிக்கிட்டுத்தான் ஒன்னும் கேக்காம விட்டோம்."

அவர் முகம் மாறியது. பஸ் நெடுஞ்சாலைக்கு ஏறியது. பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. தொரை ஆபீசு வாசல்ல நின்னுதான் பேசுவாரு. உள்ள கூப்புட மாட்டாங்க. இன்னைக்கு நம்ம மண்டபத்துக்கு ஒரு பெரிய ஆள் வர்றாரு, நான் போடுற துணிக்கு அவரு குனியிறாரு. அது சும்மா துணின்னு நெனைக்காத. நாமதான் வீட்டுக்காரங்கன்னு காட்டுறது."

 அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் செய்யும் வேலையும் அதுதான். ஆனால் பெர்மிட் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

"நாம வீட்டுக்காரங்கதான், தலைவரே" என்றேன். "வீட்டுக்காரங்க முதல்ல விஷயத்தப் பேசுவோம். பைய நான் சொல்றப்ப தொறங்க."

 அவர் பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

அந்தச் சட்டமன்ற உறுப்பினர் நடுத்தர வயதுச் சீனர். அவருடைய சேவை மையம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. காப்பி வரவழைத்தார். என் மலாயைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டடத்தைப் பற்றி, நிலத்தைப் பற்றி, சபாவில் இடம் கிடைத்தும் போக முடியாத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். தங்கை என்று சொல்லவில்லை.

"என் துணைக் கேள்வியை உங்களுக்குக் கொடுத்தால், சந்தையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று என் தொகுதி மக்கள் கேட்பார்களே?"

"நீங்கள் முதல் கேள்வியிலேயே சந்தையைக் கேட்டிருக்கிறீர்கள். துணைக் கேள்விக்கும் அதே பதில்தான் வரும். எங்கள் கேள்விக்குப் புதுப் பதில் சொல்லியாக வேண்டும்."

அவர் சிரித்தார். "நீ என்ன வேலை செய்கிறாய்?"

"கணக்காய்வு நிறுவனத்தில் உதவியாளர்."

"சரி. கொடுக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் என் சந்தைக்கும் ஒரு வார்த்தை இடம் வேண்டும்."

"தருகிறோம்" என்றேன். வைபியைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கண் தலைவரின் மடியில் இருந்த பைக்குப் போனது.

"அது என்ன?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பொன்னாடை வெளியே வந்த வேகத்தைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்று, குனிந்து, மகிழ்ச்சியாகப் போட்டுக்கொண்டார். சுவரில் மாட்ட ஒரு படமும் எடுக்கச் சொன்னார். இறங்கி வரும்போது தலைவர் படிக்கட்டில் நின்று சொன்னார்: "கேட்டுட்டுப் போட்டா இன்னும் நல்லாத்தான் இருக்கு."

சட்டமன்றம் கூடிய நாளில் நானும் தலைவரும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் மலாய் உடையான பாஜு குரோங் போட்டிருந்தேன், அவர் கோட்டு. தம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கட்டடங்கள் பற்றிய கேள்வி வந்தது. பதில் வந்தது. கேள்வி போட்டவர் எழவில்லை. எங்கள் வைபி எழுந்தார். சபாநாயகர் ஒரு கணம் தயங்கிவிட்டு அனுமதித்தார்.

வைபி சந்தையை ஒரு வார்த்தையில் தொட்டுவிட்டு, ஓய்விடத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வகுப்புக்கு அதைச் சீரமைக்க இந்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் உண்டா, இல்லையா?

உயர்கல்விக்குப் பொறுப்பானவர் எழுந்தார். "அந்த ஊருக்கு நானே போயிருக்கிறேன். மக்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி வரவேற்றார்கள். அவர்களிடமிருந்து எந்தக் குறையும் என் காதில் விழவில்லை."

சில உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

வைபி உட்காரவில்லை. "குறையைச் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, சபாநாயகர் அவர்களே. பொன்னாடை போர்த்தியவர் இன்று மேலே உட்கார்ந்திருக்கிறார். அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று இப்போது பார்த்துக்கொள்ளலாம்."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். மாடத்தில் எழுந்து நிற்கக் கூடாது, பேசக் கூடாது. அவர் பேசவில்லை. சும்மா நின்றார். காவலர் வந்து தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அதற்குள் கீழே இருந்த ஆட்சிக்குழு உறுப்பினர் நிமிர்ந்து பார்த்துவிட்டார். யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வரவு செலவு விவாதத்தின் நிறைவுரையில் பதில் சொல்கிறேன்" என்றார்.

நிறைவுரை அடுத்த வாரம். வைபி தொலைபேசியில் அழைத்தபோது அலுவலகப் படிக்கட்டில் போய் நின்று கேட்டேன். ஓய்விடத்தைச் சீரமைக்கப் பணம் உண்டு. முதலாண்டு விரிவுரையாளர்களுக்கும் உண்டு. நிலத்தை இன்னும் ஓராண்டுக்கு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் எல்லாம் ஓராண்டுக்குத்தான். அதற்குப் பிறகு மறுபரிசீலனை.

அதே வாரத்தில் தங்கைக்குப் பெர்மிட்டும் வந்திருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அப்பா லோரிச் சாவியை மேசையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வருஷம் படிச்சிட்டு, அடுத்த வருஷம் பணம் இல்லன்னா இவ எங்க போவா?" என்றார் அம்மா. "அப்ப பெர்மிட்டும் இருக்காது, படிப்பும் இருக்காது."

அம்மா கேட்டதில் தப்பே இல்லை.  "அடுத்த வருஷத்துக்கு இப்பவே கேக்க ஆரம்பிக்கிறோம்மா" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். "நீ கேப்பியா?"

"கேப்பேன்."

"மைக்க கையில புடிச்சிக்கிட்டு ஒவ்வொருத்தர் பேரையும் வாசிச்சிக்கிட்டு நிக்க மாட்டியே?"

"அலமாக், அத விடவே மாட்டியா நீ?"

"சொல்லுக்கா."

"மாட்டேன்."

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஏஜெண்டிடம் அவள் பேசியது எங்களுக்குக் கேட்டது. "இல்ல அங்கிள், வேணாம். படிக்கப் போறேன். ஆமா, யோங் பெங்லதான். நல்லா யோசிச்சிட்டேன்." அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அப்பா சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

ஓய்விடத்துக்குச் சாயம் அடித்தார்கள். மேல்மாடி அறைகளின் சுவர்களை இடித்து வகுப்பறைகளாக்கினார்கள். கீழே உணவுக்கடை இருந்த கூடம்தான் விரிவுரை மண்டபம். அதன் பின்சுவரில் கை கழுவும் தொட்டிகள் வரிசையாக அப்படியே இருந்தன. அவற்றை எடுக்கப் பணம் போதவில்லை. "சாப்பிட்டுக் கை கழுவிட்டுத் தூங்க வசதியாத்தான் இருக்கு" என்றாள் தங்கை. ஆனால் சேர்க்கை நாளன்று முதல் ஆளாகப் போய் நின்றாள்.

திறப்பு விழாவுக்கும் அந்த ஆட்சிக்குழு உறுப்பினரே வந்தார். அறிவிப்பாளர் மறுபடியும் நான். நிகழ்ச்சி வரிசையை இந்த முறை நான் போட்டேன். தலைவரிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "பொன்னாடை இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு தலைவரே. கடைசியில."

விளக்கேற்றியதும் ஆட்சிக்குழு உறுப்பினர் மேடை நடுவில் வந்து நின்றார். தலைவர் பொன்னாடையோடு பக்கத்தில் நின்றார். பழக்கத்தில், வந்தவர் கொஞ்சம் குனிந்தார். அவர் குனிந்திருக்கும்போதே நான் ஒலிவாங்கியில் மலாயில் சொன்னேன்: "ஒரு நிமிடம், ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களே. அதற்கு முன் இந்த ஊரின் கோரிக்கை."

இரண்டாம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டைக் கேட்டேன். நிலத்தில் கட்டடம் எழும்பும்வரை அதை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று கேட்டேன். நிருபர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் தங்கை, அட்டை போட்ட புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்சிக்குழு உறுப்பினர் நிமிர்ந்தார். சிரித்தார். ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கி, "இதை ஆட்சிக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோகிறேன்" என்றார். கூட்டம் கைதட்டியது.

தலைவர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். போதுமா என்று கண்ணால் கேட்டார்.

போதாது என்று தலையாட்டினேன். அவர் பொன்னாடையை நான்காக மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். நான் போய் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினேன்.